ஒன்னோ ஃபெல்ட்காம்பின் இடது முழங்கை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகத்தான் வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஓர் அக்டோபர் காலையில், கான்சாஸில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில், ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி. இல்லை. தேங்காயை உடைத்த மாதிரி. அதுவும் வேண்டாம், தேங்காய் என்றால் படிக்கிறவருக்குக் கோயில் ஞாபகம் வந்துவிடும், மனசு சாந்தமாகிவிடும். [உவமை பிறகு.]

"பிறகு" என்று குறித்துவைத்து ஆறு வருஷமாகிறது. உவமை வரவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

என் வேலை, ஆடுகிற பிள்ளைகளுக்குக் கணுக்காலில் பட்டை சுற்றுவது, பிடித்துக்கொண்ட தொடையை நீவிவிடுவது, அடிபட்டால் ஓடுவது. வைதேகி என்று சொல்ல வராததால் என்னை "மிஸ் வி" என்பார்கள். கதையைத் தமிழில் எழுதக் காரணம், இதில் வரும் இருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதுதான். இலக்கிய ஆசை ஒன்றுமில்லை. பயம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "ஒன்னோ ஃபெல்ட்காம்ப் ஏழடிக்கு ஓர் அங்குலம் குறைவு." விளையாட்டுப் பக்கத்துச் செய்தி மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஜெர்மனியின் வடகடலோரத்தில் லேயர் என்ற ஊரில், மழை நின்ற ஒரு மாலை, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் முதன்முறையாகப் பந்தை" — அதற்கு மேல் போகவில்லை. லேயருக்கு நான் போனதே இல்லை. அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் அம்மா மாதாமாதம் அனுப்பும் பொட்டலம்தான். கறுப்புத் தேயிலையும் கட்டிக் கற்கண்டும்.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன். அதில் நானும் இருக்கிறேன், தப்பிக்க முடியாது.

அன்று காலை ஏழு மணிக்கு ஒன்னோ என் மேசைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இருபது வயது. இரண்டாம் வருஷம். (அவன் பெயர் நம் காதில் 'ஒண்ணோ ரெண்டோ' என்பதுபோல விழும். எனக்கு முதல் மாதம் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.) பட்டை சுற்றிக்கொண்டிருந்தேன். கோச் ஸ்ட்ரிக்லர் உள்ளே வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"டேய் ஜெர்மன்காரா, போன வருஷம் முழுக்க நீ எத்தனை பேரை இடிச்ச?"

"தெரியல கோச்."

"நான் எண்ணினேன். ஒருத்தரையும் இல்ல. உன் ஒசரத்துக்கு உன்னக் கண்டா ஒவ்வொருத்தனும் நடுங்கணும். பந்தப் பிடிச்சா முழங்கைய விரி. குறுக்க எவன் நின்னாலும் அது அவன் தலையெழுத்து. இன்னிக்கு யாரையாவது அடி. இல்லன்னா இந்த வருஷம் பூரா பெஞ்சுல உக்காந்து பாரு."

அவர் போய்விட்டார். ஒன்னோ என்னைப் பார்த்தான்.

"அடின்னா நிஜமாவே அடிக்கணுமா மிஸ் வி?"

"அவர் பேசற தினுசு அப்படிப்பா," என்றேன். பட்டையைக் கிழித்து ஒட்டினேன். அடுத்த பையன் காத்திருந்தான்.

3

கார்டெல் மாப்ரி மெம்பிஸ்காரன். ஒன்னோவுக்கு ஒரு வருஷம் மூத்தவன். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். ஆள் ஆறடி, வாய் ஏழடி. ஒன்னோ வந்திறங்கிய முதல் வாரமே, "இந்தக் கொக்கு என் வீட்டுக்கு" என்று தன்னோடு இழுத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் ஒரே சமையலறை. லேயர் பொட்டலம் வந்தால் தேயிலை ஒன்னோவுக்கு, கற்கண்டு கார்டெலுக்கு. கடக் கடக்கென்று கடிப்பான்.

முந்தின நாள் மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் கார்டெல் எழுந்து நின்று ஒன்னோவைப்போல நடித்துக் காட்டினான். தோளைக் குறுக்கிக்கொண்டான். குரலை இழுத்தான்.

"ஐயோ, மன்னிச்சிக்கங்க, உங்க பந்து மேல என் விரல் பட்டுருச்சு. வலிச்சுதாங்க? ஒரு வாய் டீ போட்டுத் தரட்டுங்களா?"

கூடமே சிரித்தது. ஒன்னோவும் சிரித்தான். நான் பக்கத்து மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். அவன் காது மடல் சிவந்திருந்தது.

[அந்தச் சிவப்பை நிஜமாகப் பார்த்தேனா, மறுநாள் நடந்ததைப் பார்த்தபின் நானே பூசினேனா? சத்தியமாகத் தெரியவில்லை. அடிக்காமல் விடுகிறேன்.]

மறுநாள் பயிற்சி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிர் அணி. யாரோ எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. ஒன்னோ எம்பிப் பிடித்தான். இறங்கினான். பந்தை நெஞ்சோடு அணைத்து, முழங்கைகளை விரித்து, இடப்பக்கமாகச் சுழன்றான். பந்தைத் தட்டிவிடலாம் என்று கார்டெல் அங்கே வந்திருந்தான்.

சத்தம்.

கார்டெல் விழவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியபடி நின்றுகொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் ஓடினேன். கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தான். பார்த்தேன்.

"ஒண்ணும் ஆகாது கண்ணு," என்றேன்.*

ஒன்னோ பந்தைக் கீழே போடவேயில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அதை அணைத்துக்கொண்டே நின்றான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் நாங்கள் பந்தை வாங்க வேண்டியிருந்தது.

* நான் அன்று பேசியது ஆங்கிலம். 'கண்ணு' என்பது தமிழில் எழுதும்போது தானாக வந்து விழுந்தது. அடித்துவிடப் பார்த்தேன், நாலு முறை. கை வரவில்லை.

4

விச்சிட்டா நகரத்தில் கார்டெலுக்கு இரண்டு அறுவை சிகிச்சை. நவம்பர் கடைசிக்குள் தெரிந்துவிட்டது, இடது கண்ணில் இனி வெளிச்சம் கிடையாது.

கல்லூரிக்கு நான் ஓர் அறிக்கை எழுத வேண்டும். "காயம் ஏற்பட்ட விதம்" என்று ஒரு கட்டம், தீப்பெட்டி அகலம். அதில் "தற்செயல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோச் காலையில் சொன்னதையோ சாப்பாட்டுக்கூடத்துச் சிரிப்பையோ எழுதவில்லை. இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதை எழுதுவதை நான் இப்போது தொடங்கவில்லை. அன்றே தொடங்கியாயிற்று.

கார்டெல் அதே வீட்டுக்குத் திரும்பினான். படிப்பைத் தொடரலாம், ஆட முடியாது. வேறு வீடு பார்க்கட்டுமா என்று ஒன்னோ கேட்டானாம். "எதுக்கு?" என்றானாம் கார்டெல். அவ்வளவுதான். வாய் ஏழடியாக இருந்தவன் அதற்குப்பின் அந்த வீட்டில் நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பால் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றுவான். இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். ஒவ்வோர் இடிக்கும் அடுத்த அறையில் ஒன்னோ புத்தகத்தை மூடிவைப்பான். எதிரே வரும்போதெல்லாம் ஒன்னோ சுற்றிக்கொண்டு அவன் வலப்பக்கமாக வருவான், தான் வருவது தெரியட்டும் என்று.

ஒரு நாள் காலை கார்டெல் மேசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். ஒன்னோ தேநீருக்காக மேல் அலமாரியிலிருந்து கோப்பை எடுக்கக் கையைத் தூக்கினான்.

கார்டெல் சடாரென்று குனிந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

ஆரஞ்சு உருண்டு தரையில் விழுந்தது. ஒன்னோ அதை எடுத்துக் கழுவி, அவன் முன்னால் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனான். அன்று மாலையே கோப்பை, தட்டு, உப்பு ஜாடி எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கிவைத்தான். மேல் அலமாரிகள் காலியாகக் கிடந்தன.

அப்புறம் அவன் வீட்டில் தோளுக்கு மேல் கையைத் தூக்கவில்லை. கொஞ்ச நாளில் மைதானத்திலும்.

5

இங்கே நிறுத்தி ஒரு பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

முதல் வரைவில் நான் கார்டெலை வேறு மாதிரி எழுதியிருந்தேன். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, "அவன் மேல எனக்குக் கோபமில்ல" என்று சொல்வதாக. எழுதும்போது என் கண்ணே கலங்கியது. போன மாதம் அதைத் தொலைபேசியில் அவனுக்கு ஆங்கிலத்தில் படித்துக்காட்டினேன். இப்போது அவன் கான்சாஸிலேயே சலைனா என்ற ஊரில் இருக்கிறான். கோதுமை விவசாயிகளுக்கு ஆலங்கட்டி மழைக் காப்பீடு விற்கிறான். பழைய வாய் திரும்ப வந்திருக்கிறது.

"யாரு மிஸ் வி இது? சர்ச் வாசல்ல நோட்டீஸ் குடுக்கறவனா?"

"நீதான்ப்பா."

"நானா? நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்ல. என்னை ஏன் இவ்வளவு நல்லவனா எழுதறீங்க? உங்களுக்குப் பயமா இருக்கா?"

நான் அந்தப் பத்தியின்மேல் குறுக்குக் கோடு போட்டேன்.

"ஒண்ணு சொல்றேன், அத எழுதுங்க. டிசம்பர்ல, அவன் மத்தியானம் சோபாவுல படுத்துத் தூங்குவான், கால் வெளிய தொங்கும். நான் பக்கத்துல நின்னுட்டு அவன் கண்ணையே பாத்திருக்கேன். மூடின கண்ணு. ரெண்டு. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். என் கையில என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். [இந்த இடத்தில் ஒரு பொருளின் பெயர் வர வேண்டும். வராது.]

6

ஜனவரியில் ஆட்டங்கள். ஏழடி உயர ஆள் ஒருவன் கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு வளையத்தடியில் நிற்கிறான். அவனுக்கு மேலே பந்து தெறிக்கிறது, அவன் தோள் உயரமே உள்ளவர்கள் எம்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கூட்டம் முதலில் கத்தியது. பிறகு சிரித்தது. பிறகு, அதுதான் மோசம், அவனைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது.

"கை எதுக்குடா வச்சிருக்க?" இடைவேளையில் கோச் கத்தினார். "பாக்கெட்ல போட்டுக்கறதுக்கா?"

கார்டெல் பெஞ்சின் கோடியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லா ஆட்டத்துக்கும் வந்தான். ஒன்னோ இருக்கும் பக்கம்தான் முகம் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் எது பார்க்கிறது, எது பார்க்கவில்லை என்று ஒன்னோவுக்குத் தெரியாது.

பிப்ரவரியில் ஒருநாள் ஒன்னோ என் மேசையில் உட்கார்ந்திருந்தான். கணுக்காலில் ஒன்றும் இல்லை. சும்மா வந்திருந்தான்.

"மிஸ் வி, அன்னிக்கு நீங்க பாத்தீங்களா?"

"சத்தம்தான் கேட்டேன்."

"பயிற்சி வீடியோவ நாப்பது தடவ போட்டுப் பாத்துட்டேன். என் முதுகுதான் தெரியுது. திரும்பறதுக்கு முன்னாடி அவன் அங்க நிக்கறத நான் பாத்தேனா இல்லையா, அது மட்டும் எனக்கு ஞாபகம் வரல. சில நாள் பாத்த மாதிரி இருக்கு. சில நாள் பாக்காத மாதிரி இருக்கு. பாத்த மாதிரி இருக்கற நாள்ல சாப்பாடு இறங்கல."

"கோச் சொன்னதைத்தானே செஞ்ச?"

"கோச் முழங்கைய விரின்னார். கார்டெல் மேல விரின்னு சொல்லலையே."

"அது தற்செயல்டா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அறிக்கையில எழுதியிருக்கேனே," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவன் என்னையே பார்த்தான். அந்த முகத்தை வர்ணிக்க மூன்று வாக்கியம் எழுதினேன். மூன்றும் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தன. எடுத்துவிட்டேன்.

அவனுக்கு இருந்த பயம் இதுதான். முழங்கையைக் கண்டு பயந்தால் அதற்கு உறை போடலாம். அவன் பயந்தது, அந்த முழங்கையைத் திருப்பியவன் யார் என்று தனக்கே தெரியாததற்கு. அந்த ஆள் இன்னும் தன் சட்டைக்குள்ளேயே இருக்கிறான், எந்தப் பந்துக்காவது கையைத் தூக்கினால் வெளியே வந்துவிடுவான் என்று.

7

மார்ச் மாதம் ஆட்டப் பருவம் முடிந்தது. "ஏப்ரலுக்குள்ள வேற காலேஜ் பாத்துக்கோ," என்று கோச் ஒன்னோவிடம் சொல்லிவிட்டார். வசந்த விடுமுறை. ஊரே காலி. காற்று மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. பகல் பதினோரு மணிக்கு கார்டெல் ஒன்னோவின் கதவைத் தட்டினான்.

"ஷூவ மாட்டு."

"எங்க?"

"மாட்டுடா."

அரங்கில் இருவர் மட்டும். (அதாவது நான் இல்லை. இனி வருவது ஒன்னோ எனக்குச் சொன்னது.) கார்டெல் கண்ணாடியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான்.

"ஒத்தைக்கு ஒத்தை. பதினோரு பாயிண்ட் வரைக்கும்."

"மாட்டேன்."

"ஏன்?"

"உன் இடப்பக்கம் நான் வந்தா உனக்குத் தெரியாது."

"அதான் வா."

ஒன்னோ கோட்டுக்குள் வந்தான். ஆட ஆரம்பித்தார்கள். கார்டெலுக்குத் தூரம் பிடிபடவில்லை. எறிந்ததில் பாதி வளையத்தைத் தொடவேயில்லை. அப்படியும் ஐந்து போட்டான், ஏனென்றால் ஒன்னோ தடுக்கவில்லை. ஆறாவது வளையத்தில் பட்டு மேலே தெறித்தது. ஒன்னோ கைகளைத் தொங்கவிட்டபடி பார்த்துக்கொண்டு நின்றான். பந்து அவன் காலடியில் விழுந்து குதித்தது.

"எடுடா!" கார்டெலின் குரல் காலி இருக்கைகளில் மோதித் திரும்பியது. "எனக்காகவா எடுக்காம நிக்கற? எனக்கு நல்லது செய்யறியா நீ?"

அவன் நேராக வந்தான். ஒன்னோவின் இடது கையைப் பிடித்தான். பிடித்து மடக்கி, அந்த முழங்கையைத் தூக்கித் தன் இடது கண்ணுக்குக் கீழே, எலும்பின்மேல் வைத்தான். ஒன்னோ இழுத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. தோலுக்கு அடியில் டாக்டர்கள் வைத்த தகட்டின் விளிம்பு அவனுக்குத் தட்டுப்பட்டது.

"இங்கதானே?"

ஒன்னோ தலையை ஆட்டினான்.

"இப்ப சொல்லு. வேணும்னு செஞ்சியா?"

ஒன்னோ ஏதோ சொன்னான்.

கார்டெல் கையை விட்டான். "சரி," என்றான். போய்ப் பந்தை எடுத்துவந்தான். "நான் அஞ்சு, நீ ஒண்ணுமில்ல. ஆடு."

அடுத்து தெறித்த பந்துக்கு ஒன்னோ எம்பினான். இரண்டு கையும் மேலே. பிடித்தபோது, பயத்தில் கத்திவிட்டானாம்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏப்ரலில் கார்டெலே கோச்சிடம் போய், "இவன அனுப்பாதீங்க," என்றான். அவன் பேச்சுக்கு அந்த வருஷம் மறுப்புச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ஒன்னோ இன்னும் இரண்டு பருவம் ஆடினான். நன்றாகவே ஆடினான். இப்போது ஜெர்மனியில், தன் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், இரண்டாம் பிரிவு அணி ஒன்றில் ஆடுகிறான். அந்தக் கேள்வியை இருவரும் திரும்ப எடுக்கவேயில்லை.

இங்கே முடித்திருந்தால் நல்ல கதை.

8

ஒன்னோ சொன்ன அந்த "ஏதோ" என்ன?

"தெரியலன்னு சொன்னேன் மிஸ் வி," என்கிறான் ஒன்னோ. "அதுதானே நிஜம்."

போன மாதம் படித்துக்காட்டியபோது கார்டெலிடமும் கேட்டேன்.

"ஆமான்னு சொன்னான்," என்றான் கார்டெல்.

"நல்லா யோசிச்சுப் பாரு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கேட்டேன். 'யா'ன்னான். அப்புறம் என்னமோ முனகினான், அழுகையில ஒண்ணும் புரியல. எனக்கு அது தேவையும் இல்ல."

ஒன்னோவோடு பழகியவர்களுக்குத் தெரியும், அவன் பாதி வாக்கியங்களை 'யா' என்றுதான் தொடங்குவான், ஜெர்மனில் 'ஆமா'. அவன் ஊரில் எல்லாரும் அப்படித்தானாம். நாம், "ஆமா, நேத்து எங்க போயிருந்த?" என்கிறோமே, அந்த ஆமாவில் என்ன சம்மதம் இருக்கிறது? அவன் சொன்னது, "யா... தெரியல." கார்டெல் காதில் விழுந்தது முதல் பாதி.

"அவன் தெரியலன்னு சொன்னதா ஞாபகம் வச்சிருந்தான்னா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

லாரி ஒன்று அவன் அலுவலகத்தைக் கடந்து போவது தொலைபேசியில் கேட்டது.

"மிஸ் வி," என்றான். அந்தக் குரலை நான் அந்த டிசம்பருக்குப் பிறகு கேட்டதில்லை. "கண்ணு போனப்புறமும் அஞ்சு மாசம் அவனோட ஒரே வீட்ல இருந்தேன். அவன் 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். 'தெரியல'ன்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒருத்தன் என் மூஞ்சியப் பாத்து, ஆமாடா, நான்தான்னான். அத வச்சுதான் மன்னிச்சேன். அது மேலதான் நான் நிக்கறேன். இப்ப வந்து அத மாத்தாதீங்க."

வைத்துவிட்டான்.

9

மாற்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஒன்னோவிடம், "கார்டெல் உன்னை அன்றைக்கே மன்னித்துவிட்டான்" என்று சொல்கிறேன். அவன் அழுகிறான். பிறகு, "எதுக்காக மன்னிச்சான்? நான்தான் தெரியலன்னேனே?" என்று கேட்கிறான். அதற்கு நான் — இந்த வாக்கியம் இங்கேயே நிற்கிறது.

(ஆ) கார்டெலிடம் உண்மையைச் சொல்கிறேன். அவன் காரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு — இல்லை. காரில் அவன் கையில் என்ன இருந்தது என்று எழுத வேண்டிவரும்.

(இ) நான் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை. ஒன்னோ தன்னை யாரும் மன்னிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு நாற்பது வயதுவரை பந்துக்குக் கை தூக்குகிறான். போன மாதத்திலிருந்து எழுதிவரும் முடிவு இதுதான். நான் எழுதியதிலேயே கோழைத்தனமானதும் இதுதான்.

ஒன்னோ ஞாயிறுதோறும் என்னைக் கூப்பிடுவான். அவனுக்கு மாலை ஆறு, எனக்குக் காலை பதினொன்று. ஆட்டத்தைப் பற்றிச் சொல்வான், அம்மாவைப் பற்றிச் சொல்வான். வைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பான், எப்போதும் சாதாரணமான குரலில்: "கார்டெல் என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?" நான், "நல்லா இருக்கானாம்ப்பா" என்பேன்.

போன வாரம் தெரியாத்தனமாக, உங்கள் இருவரைப் பற்றி ஒரு கதை எழுதுகிறேன், கார்டெலுக்குக் கூடப் படித்துக்காட்டினேன் என்று உளறிவிட்டேன். "அடுத்த வாரம் சொல்லுங்க, என்ன சொன்னான்னு," என்றான்.

இன்று ஞாயிறு. பத்து ஐம்பத்தெட்டு. எனக்கு இதற்கு மேல் எழுத வராது. நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், எனக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். தொலைபேசியை உங்கள் பக்கமாகத் தள்ளி வைக்கிறேன். எடுங்கள். இன்றைக்கு அவன் அம்மாவைப் பற்றியெல்லாம் பேச மாட்டான், நேராகக் கேட்டுவிடுவான்.